அந்நியப் பல்சக்கரம்

விலை உயர்ந்த கைக்கடிகாரம் ஒன்று, தான் அசல்தான் என்று சான்றிதழ் வாங்கப் பரிசோதனை மேசைக்கு வந்தது. சான்றிதழ் இருந்தால்தான் கண்ணாடி அலமாரியில் மற்ற அசல்களோடு இடம் கிடைக்கும். அதன் முதுகைத் திறந்ததும் லென்ஸ் உள்ளே எட்டிப் பார்த்தது.

“எல்லாம் உங்க கம்பெனிச் சரக்குதான். இந்தச் சின்னப் பல்சக்கரம் மட்டும் யாருங்க?”

கடிகாரத்துக்குக் கூச்சமாகிவிட்டது. “ஒரு தடவை கீழே விழுந்து நின்னுபோனேன். அப்போ ரிப்பேர் கடையில் போட்டது. பேரில்லாத ஏதோ பழைய வாட்ச்சிலிருந்து கழற்றினதாம்.”

“அது உள்ளே இருக்கிறவரை உங்களை முழு அசல்னு எழுத முடியாதுங்க.”

பல்சக்கரம் சுற்றுவதை நிறுத்தாமலே கேட்டது. “அண்ணே, பதினோரு வருஷமா உங்களை ஒரு நாளாவது நிற்க விட்டிருக்கேனா?”

“இல்லை தம்பி. நீ நல்லவன்தான். ஆனா நம்ம வகையறா இல்லையே.”

லென்ஸ் தயங்கியது. “யோசிச்சுக்கோங்க. அதை எடுத்தா நீங்க ஓட மாட்டீங்க. உங்க கம்பெனியில் இந்தச் சக்கரம் செய்யறதையே நிறுத்திட்டாங்க.”

“ஓடலைன்னா என்ன? அலமாரியில் யார் மணி பார்க்கப் போறாங்க? நீங்க அசல்னு எழுதுங்க.”

இடுக்கி குனிந்து பல்சக்கரத்தைப் பிடித்தது. அது முரண்டு பிடிக்கவில்லை.

“இப்போ மணி மூணு இருபது, அண்ணே,” என்றது. “இனிமே யாராவது கேட்டா இதையே சொல்லுங்க.”