ஜன்னலில் நிற்பவள்

“ஏங்க, வர்றவன் போறவனுக்கெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு நான் ஜன்னல்ல நிக்கிறது?” பிலோமினா கத்தியது தெருமுனை வரை கேட்டது.

“வீடு விக்கிற வரைக்கும். பழைய போட்டோவுல ஒருத்தி நிக்கிறா இல்ல?” என்றார் சவரிநாதன்.

பாட்டன் காலத்து வீட்டை அந்தப் போட்டோவில் உள்ளபடியே புதுப்பித்திருந்தார் மனிதர். சுண்ணாம்புப் பூச்சு, தோட்டத்து மகிழமரம், எல்லாம் அச்சு அசல். ஜன்னல் மட்டும் காலியாக இருக்கலாமா? அதற்குத்தான் பெண்டாட்டி. வேர்வை வழிய, கம்பியைப் பிடித்தபடி, சிரிக்காமல் நிற்பாள். போட்டோவில் இருக்கிறவளும் சிரிக்கவில்லையாம். விற்றுவிட்டால் விடுதலை என்றுதான் நின்றாள்.

ஒருவழியாக ஒரு டாக்டர் வாங்கினார். போட்டோவையும் கேட்டு வாங்கிக்கொண்டார். பிலோமினா, புருஷனை விட்டுவிட்டு, காரைக்காலில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். தை மாதம் டாக்டர் மகனுக்குக் கல்யாணம். மருமகளை அந்தப் போட்டோவில் நிற்கிறவளின் உயரத்திலேயே தேடி எடுத்தாராம்.