கோர்வைக்கு வந்த காட்டுமாடு

அறுபதடி தள்ளி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே, காட்டுமாடு தலையைத் தூக்கிப் பார்த்தது.

தேவகி மூச்சை அடக்கிக்கொண்டாள். அக்கா வீட்டுக் கொல்லைச் சுவருக்கு இந்தப் பக்கம் அவள். அவளுக்கு இடப்பக்கம், மூன்று கால் ஸ்டாண்டில் நின்ற கேமராவுக்குள் கண்ணை நுழைத்தபடி அவள் புருஷன் தனசேகரன்.

கேமராவிலிருந்து ஒரு ஒயர் இறங்கி அவள் கைக்கு வந்திருந்தது. முனையில் ஒரு பட்டன்.

"நான் பாத்துக்கினு இருப்பேன். 'ம்' சொன்னா நீ அழுத்து" என்றிருந்தான்.

"ஏன், அதையும் நீயே அழுத்தினா இன்னா?"

"பாக்கறது ஒரு வேல, அழுத்தறது ஒரு வேல. தனியாளா எனக்கு வராது தேவகி."

சின்ன காஞ்சிபுரத்தில், அவர்கள் வீட்டுத் தறியிலும் இதே கதைதான். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகக் கோத்து நெய்யும் கோர்வைப் புடவை என்றால், உடலையும் ஒரு கரையையும் அவன் நெய்வான். வலப்பக்கக் கரைக்கு, ஊடைநூல் ஓடும் நாடாக் கட்டையை அவள் தள்ளிவிட வேண்டும். அவன் 'ம்' என்றால் தள்ளுவாள். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தறியில் அவர்கள் பேசிக்கொண்டதில் முக்கால்வாசி அந்த ஒற்றை எழுத்துதான்.

சித்திரையில் ஒரு முகூர்த்தப் புடவையில் கரை பிசகியது.

"இவ கைதான் பிசகிடுச்சு" என்றான், கடைக்காரர் எதிரிலேயே.

நீ சொல்லித்தானே போட்டேன் என்று அவள் கேட்கவில்லை. மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு கோத்தகிரிக்கு, அக்கா சம்பூர்ணம் வீட்டுக்கு வந்துவிட்டாள். எட்டு மாசம் ஆகிறது.

நேற்று சாயந்தரம் வந்து நின்றான், இரவல் கேமராவோடு. கூப்பிட வந்தேன் என்று ஒரு வார்த்தை இல்லை. முந்தானைக்குக் காட்டுமாடு டிசைன் போட வேண்டுமாம். படம் எடுத்த கையோடு பதினோரு மணி பஸ்ஸில் கிளம்பிவிடுவானாம்.

"எந்தக் கல்யாணப் பொண்ணுபா மாட்டைக் கட்டிக்கினு மணவறைல உக்காரும்?" என்று சிரித்தாள் சம்பூர்ணம்.

"யானையைக் கட்டலையா, யாளியைக் கட்டலையா? மாடு இன்னா பாவம் பண்ணுச்சு?"

தேவகி சிரிக்கவில்லை. போட்ட பழியை அவன் வாயாலேயே எடுக்க வேண்டும். அதுவரை அந்த வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள்.

மாடு ஓர் அடி எடுத்து வைத்தது.

மையாய்க் கறுத்த உடம்பு. முழங்காலுக்குக் கீழே, கோடு கிழித்த மாதிரி வெள்ளை. பிசகே இல்லாத கோர்வை.

அவள் கட்டைவிரல் பட்டன்மேல் காத்திருந்தது.

மாடு பக்கவாட்டில் முழுசாகத் திரும்பி நின்றது. கொம்பு வளைவில் வெயில் ஏறியது. இதைவிட வாகாக ஒரு மாடு நிற்காது.

அவன் 'ம்' சொல்லவில்லை.

மாடு புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது. அப்புறம் அவசரமே இல்லாமல் மரங்களுக்குள் நடந்து மறைந்தது.

"ஏன்யா, நின்னுக்கினே தூங்கிட்டியா? எம்மா நேரம் நின்னுச்சு!"

தனசேகரன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னிக்கு நான்தான் அவசரப்பட்டு சொல்லிட்டேன் தேவகி. உன் கை பிசகல." லென்ஸ் வளையத்தைச் சும்மா திருகினான். "இன்னிக்கு சொல்லியிருந்தா நீ அழுத்தியிருப்பே. அப்புறம் நான் பஸ் ஏறணுமே."

கீழே எங்கேயோ ஒரு பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. இரண்டு பேரும் அதைக் கேட்காத மாதிரி நின்றார்கள்.

"காஞ்சிபுரம் வந்தா, இத அந்தக் கடைக்காரர் எதிர்லயும் சொல்லுவியா?"

"ம்" என்றான்.

கேமரா 'க்ளிக்' என்றது.

அவள் திடுக்கிட்டுத் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். மாடில்லாத தேயிலை, வெயிலோடு, படமாகியிருந்தது.