ஓநாய்க் காதலனின் ஆறாம் பாகம்

நூலக ஜன்னலோர எலுமிச்சைச் செடியில் வசித்த பச்சைப்புழுவும் எறும்பும், ஓநாயாக மாறும் காதலனின் கதையை ஐந்து பாகம் முடித்திருந்தன. ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டும் சேர்ந்து மூச்சு வாங்கத் தள்ளித்தான் புரட்டும்.

“உருவம் மாறுறானாம்! சுத்தப் புளுகு,” என்று புழு திட்டும். உடனே, “அவனை அவ அடையாளம் கண்டுபிடிச்சிடுவாளாடி?” என்று தவிக்கும்.

ஆறாம் பாகம் வருவதற்குள் புழு கூடு கட்டித் தூங்கிவிட்டது. எறும்பு புத்தகத்தைத் திறக்காமல் காத்திருந்தது.

பத்தாம் நாள், கறுப்பு மஞ்சள் இறக்கையோடு யாரோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

“நீங்க யாருங்க?” என்றது எறும்பு.

“என்னை விட்டுட்டுப் படிச்சிட்டியாடி? அந்தப் புளுகன் என்ன ஆனான்?”

எறும்பு சிரித்து உருண்டது. “நீயே பாரு!”

ஆவலில் இறக்கை படபடக்க, புத்தகத்தின் அட்டை தானாகத் திறந்துகொண்டது.

“இன்னிக்குக் காத்து நல்லா அடிக்குதுடி,” என்றது, தனக்கு இறக்கை முளைத்ததை இன்னும் அறியாத புழு.