ஸ்பூன் சத்தம்

ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமை வெளியிலிருந்து கூப்பிடுவதற்குப் பெயர் சிக்னல். முக்கியமான வேலை முடியும்வரை அதைத் தடுத்து வைக்கலாம். தடுத்திருக்கும்போது ஒரே சிக்னல் எத்தனை முறை வந்தாலும், தடை நீங்கியதும் ஒரு முறைதான் போய்ச் சேர வேண்டும். சி என்ற கணினி மொழிக்கான நிரல் தொகுப்பு ஒன்றில் அந்தப் பகுதியைத்தான் ஜெசிந்தா எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் அப்பா, பக்கவாதம் விட்டுவைத்த ஒற்றைக் கையால் டம்ளரை ஸ்பூனால் தட்டிக் கூப்பிட்டார்; உரக்கக் கூப்பிட அவருக்குக் குரல் இல்லை. "இதோ வந்துட்டேன்ப்பா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். மறுபடியும் தட்டினார். மறுபடியும். இவள் சோதனைக்குத் தடையைப் போட்டு, ஒரே சிக்னலை ஐம்பது முறை அனுப்பி, தடையை நீக்கிப் பார்த்தாள். ஒன்றுதான் போய்ச் சேர்ந்தது. நிம்மதியாகச் சாய்ந்தபோதுதான் பக்கத்து அறையில் சத்தமே இல்லை என்பது உறைத்தது. ஓடினாள். படுக்கை விரிப்பு நனைந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். "ரொம்ப நேரமா தட்டினீங்களாப்பா?" என்றாள். "இல்லம்மா. இப்பத்தான், ஒரே ஒரு தரம்" என்றார். ஸ்பூனை மட்டும் இன்னும் இறுகப் பிடித்திருந்தார்.