தெற்குப் பக்கத்து வீடு

"வேண்டாம் தம்பி. சோலார் எல்லாம் வீண் செலவு. அந்தப் பணத்தை பேங்க்ல போடுங்க" என்றாள் அமிர்தம்.

ரங்காவுக்குச் சுருக்கென்றது. அவளிடம் அவன் யோசனையே கேட்கவில்லை.

ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டை ஒட்டிய தெரு அது. ரங்கா வீட்டுக்குத் தெற்குப் பக்கத்து வீடு அமிர்தத்துடையது. ரிட்டயர்டு நர்ஸ். ஒரே மகள் பானுப்ரியாவைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். சோலார் கம்பெனி ஆள் வந்து ரங்கா வீட்டு மொட்டை மாடியை அளந்துவிட்டுப் போனதைப் பார்த்துவிட்டு, வாசலுக்கே வந்து இதைச் சொன்னாள்.

"ஏன் அக்கா, உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது வெச்சு நஷ்டப்பட்டாங்களா?"

"அப்படியெல்லாம் இல்ல. என்னவோ தோணுச்சு, சொன்னேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ரங்காவுக்கு ஏற்கெனவே நிலைகொள்ளவில்லை. மனைவி சுப்ரஜா வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள். பகல் முழுக்க ஏ.சி. ஓடுகிறது. கரன்ட் பில்லும் ஏறிக்கொண்டே போகிறது. போட்ட காசு ஐந்து வருஷத்தில் திரும்பிவிடும் என்றார் கம்பெனிக்காரர். எட்டு வருஷத்துக்குக் குறையாது என்றார் ஆபீஸில் ஒருவர். நடுவில் இன்வெர்ட்டர் போய்விட்டால்? குரங்கு ஏறி உடைத்துவிட்டால்? காலையில் கன்டோன்மென்ட் ஆபீஸுக்குப் போகும்போது காவிரிப் பாலத்தில், வைத்துவிடலாம் என்று முடிவு செய்வான். சாயங்காலம் திரும்பும்போது அதே பாலத்தில், வேண்டாம் என்று மாற்றிக்கொள்வான்.

கடைசியில் அமிர்தம் சொன்னதுதான் அவனை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தது.

"அவாளுக்கு வயித்தெரிச்சல். நம்மாத்துல புதுசா ஒண்ணு வந்தாப் பொறுக்கல" என்று சுப்ரஜாவிடம் சொன்னான். எதிர்வீட்டு பீமராவிடமும் சொன்னான். தெருமுனை மளிகைக் கடையில்கூடச் சொல்லிவைத்தான். மறுநாளே அட்வான்ஸ் கட்டினான்.

பேனல் பொருத்த வந்தவர், தெற்குப் பக்கம் உயரமாக எதுவும் வந்தால் நிழல் விழும், பக்கத்து வீட்டில் மாடி எடுப்பார்களா என்று கேட்டார். அமிர்தம் வீட்டு மொட்டை மாடியில், இவன் பக்கத்து ஓரமாக, எப்போதோ அறை எடுப்பதற்கென்று விட்டுவைத்த தூண் கம்பிகள் துருப்பிடித்து நின்றன.

"தனி ஆளா இருக்காங்க. அவங்க எதுக்கு மாடி எடுக்கப் போறாங்க?" என்றான் ரங்கா.

பேனல் வந்தது. பில்லும் நன்றாகவே குறைந்தது. நிம்மதிதான் வரவில்லை. இன்றைக்கு எத்தனை யூனிட் வந்திருக்கிறது என்று ஆபீஸில் உட்கார்ந்து செல்போனையே பார்த்துக்கொண்டிருப்பான். மேகம் மூடினால் வேலை ஓடாது. போதாக்குறைக்கு அமிர்தம் வேறு. துணி காயப்போட வரும்போதெல்லாம் பேனலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டான்.

ஐப்பசியில் ஒருநாள், ஆபீஸில் இருந்தவனை சுப்ரஜா போனில் கூப்பிட்டாள்.

"பக்கத்தாத்துல செங்கல் வந்து எறங்கியிருக்கு. மாடியில ரூம் கட்டப்போறாளாம்."

பர்மிஷன் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். வழியெல்லாம் உள்ளுக்குள் கொதித்தது. தனியாக இருக்கிற மனுஷிக்கு எதற்கு மாடி ரூம்? வீம்புக்குத்தானே? மார்கழி, தையில் வெயில் தெற்கே சாய்ந்துவிடும். அந்தக் கம்பிகள் மேல் சுவர் எழும்பினால் பாதி பேனல் நிழலில்தான் கிடக்கும். பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றபோது, தெரிந்த வக்கீல் ஒருவரைக் கூப்பிட்டு, சாயங்காலம் வருவதாகச் சொல்லிவைத்தான்.

வீட்டுக்குள்கூடப் போகவில்லை. நேராக அமிர்தம் வீட்டுக் கதவைத் தட்டினான். அவள் திறந்ததுமே ஆரம்பித்தான்.

"நான் சோலார் வெச்சது உங்களுக்கு ஆரம்பத்துலேருந்தே பிடிக்கல. அது எனக்குத் தெரியும் அக்கா."

அவள் கோபப்படவில்லை. மெதுவாகப் பேசும்படி கையைக் காட்டினாள். அப்போதுதான் அவன் உள்ளே கவனித்தான். கூடத்தில் பானுப்ரியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பெரிய பெரிய பெட்டிகள், இன்னும் பிரிக்காமல்.

அமிர்தம் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

"வந்துட்டா தம்பி. இனிமே அங்க போகமாட்டா. நீங்க மாடியை அளந்தப்பவே அவ குடும்பத்துல சரியில்ல. இவ வந்துட்டா ரூம் எடுக்கணும், எடுத்தா உங்களுக்கு மறைக்கும். அதான் வேண்டாம்னு சொன்னேன்."

"அதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் வெச்சிருக்கவே மாட்டேனே அக்கா."

"வாயால சொன்னா நடந்துடுமோன்னு பயமா இருந்துச்சு."

அவளைப் பற்றித் தெருவெல்லாம் சொல்லிவைத்தது ரங்காவுக்கு நினைவுக்கு வந்து காது சுட்டது. மகளுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கண் என்னவோ தன் மாடிப் பக்கமே போயிற்று. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ரூம்... அந்தக் கம்பி இருக்கற இடத்துலதானே அக்கா?"

"இல்ல தம்பி, அங்க எடுத்தா உங்களுக்கு நிழல் விழுமே. அந்தக் கோடியில புதுசாத் தூண் போட்டு எழுப்பச் சொல்லிட்டேன். அதுக்கே செலவு இழுத்துடுச்சு, ரூமைத்தான் கொஞ்சம் குறைச்சுக்கிட்டோம்" என்றாள் அமிர்தம். "அவளும் பிள்ளையும் படுத்துக்க அது போதும்."