செத்த டிரைவர் குடித்த டீ

"செத்தவன் எப்படிய்யா டீ குடிப்பான்?"

முதலாளி என் புது நாவலை மேஜைமேல் வீசினார்.

இவர் கம்பெனி எடுக்கும் உளவாளி சீரியலை ஒட்டி நாவல் எழுதுவது என் பிழைப்பு. கதாநாயகன் அவர்களுடையவன், வெடிகுண்டு அவர்களுடையது, தூக்கம் மட்டும் என்னுடையது. போன சீசனின் கடைசி எபிசோடில் நான் அசந்து தூங்கிவிட்டேன். அதில்தான் உளவாளியின் டிரைவர் காரோடு பள்ளத்தில் விழுந்து செத்திருக்கிறார். நானோ நாவலில் அவரை உட்காரவைத்து டீ கொடுத்து, சர்க்கரை போதுமா என்று வேறு விசாரித்திருந்தேன்.

ரசிகர்கள் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.

நாவல் சீரியலோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் அண்ணியின் வேலை. என்னை இங்கே சேர்த்துவிட்டதும் அவர்தான். உளவாளியின் தழும்பு இடது புருவத்திலிருந்து வலதுக்குத் தாவினால்கூட எழுதியது திரும்பி வந்துவிடும். வீட்டிலும் அப்படித்தான். தலைவலி என்று லீவு போட்டால், போன தடவை வயிற்றுவலி என்றுதானே சொன்னீர்கள் என்பார்.

"சார், செக் பண்ண வேண்டியது அண்ணிதான்" என்று நைசாகப் போட்டுக் கொடுத்தேன்.

கூடவே நின்ற அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆமா சார். நான்தான் கவனிக்கலை" என்றார்.

அன்றே அவரை வாசகர் கடிதம் பிரிக்கும் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டில் எனக்குச் சாப்பாடு கிடைக்குமா என்பதுதான் என் கவலை. கிடைத்தது.

அப்புறம்தான் வேடிக்கை. திட்டிய ரசிகர்களே யோசிக்க ஆரம்பித்தார்கள். கார் விழுமுன் டிரைவர் குதித்திருப்பார் என்றான் ஒருவன். ஆமாம், பிணத்தைக் காட்டவே இல்லையே என்றான் இன்னொருவன். டிரைவர் எங்கே, டிரைவர் எங்கே என்று ஒரே கூச்சல். கம்பெனி பார்த்தது. புது சீசனில் டிரைவர் கையில் கட்டோடு வந்து இறங்கினார்.

நான் சும்மா இருப்பேனா? எல்லாம் திட்டமிட்டுத்தான் எழுதினேன் என்று பேட்டி கொடுத்தேன்.

டிரைவராக நடிக்கிறவர் வீடு தேடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சீரியலில் செத்ததிலிருந்து யாருமே கூப்பிடவில்லையாம். மகள் படிப்பை நிறுத்துகிற நிலைமையாம்.

"நீங்கதான் சார் எனக்கு உயிர் கொடுத்தீங்க."

"ஒரு கலைஞனோட கஷ்டம் இன்னொரு கலைஞனுக்குத்தானே தெரியும்" என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

அண்ணி அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அவர் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. "அண்ணி, ஒரு தழும்பைக்கூட விடமாட்டீங்க. இதை மட்டும் எப்படிக் கோட்டை விட்டீங்க?"

"அவரைக் கொன்ன அன்னைக்கு நான் ஷூட்டிங்ல இருந்தேன். எல்லாரும் கிளம்பிட்டாங்க. அவர் மட்டும் மேக்கப்பைக் கலைக்க மனசில்லாம உக்காந்திருந்தார்."

"தெரிஞ்சேதான் விட்டீங்களா? எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

அண்ணி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

"சொல்லியிருந்தா உடனே திருத்தி, அவரை மறுபடியும் கொன்னிருப்பீங்களே தம்பி."