கூட்டி வைத்த சத்தம்

என் தங்கை சுகந்தி தீயில் கருகிப் போய் இன்னும் ஓர் ஆண்டு திரும்பவில்லை. அவள் கணவன் தயாளனின் மறுமண நிச்சயத்துக்கு, முறை விடக்கூடாதென்று என்னையும் அழைத்திருந்தார்கள்.

"மதினி, போன் ரொம்ப ஸ்லோ. நீங்கதான் நம்ம வீட்டு போன் டாக்டராச்சே!" என்று தயாளன் என்னிடமே நீட்டினான்.

வேண்டாத செயலிகளை நீக்கினேன். அழித்தவை தங்கும் குப்பைத்தொட்டியைத் திறந்தேன். நேற்று அவன் அழித்த குரல்பதிவு ஒன்று கிடந்தது; தீப்பிடித்த நாளின் தேதி. காதருகே வைத்துக் கேட்டேன். சுகந்தி அவனுக்கு அனுப்பிய குரல்.

"அத்தான், வெளிய பூட்டிட்டு ஏன் நிக்கிய? கதவத் தொறங்க, பொக முட்டுது..."

அன்று ஊரிலேயே இல்லை என்று போலீசில் சொன்னவன். பதிவை எனக்கு அனுப்பிக்கொண்டேன். பிறகு அதையே என் எண்ணுக்கான ரிங்டோனாக வைத்தேன்.

"இனி வேகமா ஓடும், மாப்ள. சத்தத்தையும் கூட்டி வச்சிருக்கேன்."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பெண்ணருகே போய் உட்கார்ந்தான். தட்டு மாற்ற எல்லோரும் எழுந்தார்கள். நான் அவன் எண்ணை அழுத்தினேன்.